எட்டு பார் லூப்பைத் தாண்டி: எலக்ட்ரானிக் இசையைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

எலக்ட்ரானிக் இசை பழகுகிற யாருடைய லேப்டாப்பைத் திறந்தாலும் ஃபோல்டர் ஃபோல்டராக எட்டு பார் லூப்கள் இருக்கும். பார் என்பது பெரும்பாலும் நான்கு தட்டு கொண்ட தாள அளவு, லூப் என்பது திரும்பத் திரும்ப ஓடும் துண்டு. கிக் டிரம் கச்சிதமாக விழும், அடியொலியான பேஸ் உறுமும், மேலே ஒரு சின்த் (சின்தசைசர்) மினுங்கும். ஒன்பதாவது பாரில் என்ன வரப்போகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. இந்தத் தொழிலில் காசு அந்த ஒன்பதாவது பாரில்தான் ஆரம்பிக்கிறது. முடிந்த டிராக்கைத்தான் வெளியிட முடியும், விளம்பரக் கம்பெனிக்கு அனுப்ப முடியும், ராயல்டிக்குப் பதிவு செய்ய முடியும். சென்னையில் இருந்துகொண்டு இதைப் பிழைப்பாக்க நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மதுரை, கோவைக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் சாமான்

16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள ஒரு கம்ப்யூட்டர், மைக்கையும் வாத்தியத்தையும் கம்ப்யூட்டரோடு இணைக்க இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்ஃபோன், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒலிகளை வாசிக்க 25 கட்டை மிடி கீபோர்டு. இவ்வளவு போதும். ஸ்பீக்கரை இப்போதே வாங்க வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில் வரும். கீபோர்டை மட்டும் ஆன்லைனில் படம் பார்த்து வாங்காதீர்கள். 1842 முதல் இருக்கும் மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் மாதிரி ஒரு கடைக்குப் போய்க் கட்டைகளை அழுத்திப் பாருங்கள். கேபிள், ஹார்டு டிஸ்க், யுபிஎஸ் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு இருக்கிறது. யுபிஎஸ்ஸை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போகும்போது புரியும்.

இசை செய்யும் மென்பொருளில் எது சிறந்தது என்ற சண்டை முடிவே இல்லாதது, அதில் இறங்காதீர்கள். பெல்ஜியத்தில் தயாராகும் எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் அப்டேட் இலவசம். அதன் டிரயல் பதிப்பில் சேமித்த பிராஜெக்டை, வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2001-இல் பெர்லினிலிருந்து வந்த ஏபில்டன் லைவ் மேடையில் வாசிக்கத் தோதானது. லாஜிக் மேக்கில் மட்டும் ஓடும். சினிமா ஸ்டூடியோக்களில் இதுவும் கியூபேஸும்தான் அதிகம் கண்ணில் படும். கையில் காசே இல்லையென்றால் ரீப்பர் இருக்கிறது, 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சின்தசைசருக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி இரண்டும் இலவசம், இரண்டும் தொழில்முறைத் தரம். இவ்வளவு இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் பிளக்-இன் என்ற துணை மென்பொருள்களின் திருட்டுப் பதிப்பைத் (கிராக்) தேடி அலைவது எனக்குப் புரிவதில்லை. டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சரியாக அதுதான் கிராஷ் ஆகும்.

அறை பேஸைப் பற்றிப் பொய் சொல்லும்

நம் வீடுகளில் ஸ்டூடியோவுக்கென்று கிடைப்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். பத்து அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி நின்று அதிரும் முதல் அதிர்வெண், வேகத்தை இரண்டு மடங்கு நீளத்தால் வகுத்தால் வரும். கணக்குப் போட்டால் 56 ஹெர்ட்ஸ். எலக்ட்ரானிக் இசையில் கிக்கும் பேஸும் குடியிருக்கும் இடமே அதுதான். 55 ஹெர்ட்ஸ் என்பது ஏ என்ற சுரம். அறை சதுரமாக இருப்பதால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அதே 56 எழும், தொல்லை இரட்டிப்பாகும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த அதிர்வெண் காதில் விழவே விழாது. பேஸ் போதவில்லை என்று ஏற்றுவீர்கள். பிறகு நண்பனின் காரில் போட்டால் கண்ணாடி நடுங்கும்.

ஆகவே நடுவில் உட்காராதீர்கள். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஏறத்தாழ 38 சதவீதத் தூரத்தில் நாற்காலியைப் போடுங்கள், பத்தடி அறையில் அது நாலடிக்குச் சற்றுக் குறைவு. மூலைகளில் ராக்வுல் (பாறைப் பஞ்சு) அடைத்த தடித்த பேனல் வையுங்கள். முட்டை அட்டை ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை, கரப்பான்தான் சேரும். இதெல்லாம் செய்யும்வரை ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்து (எல்லா ஒலிகளையும் அளவாகக் கலந்து), ஃபோன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். ஃபோனில் ஆழ்ந்த பேஸ் கேட்காது. அதற்குக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) சேர்த்தால் மேல் ஹார்மோனிக்ஸ், அதாவது அதே சுரத்தின் மேல் அதிர்வெண்கள், எழும்பி, காது பேஸைத் தானாக ஊகித்துக்கொள்ளும்.

காதுக்குத் தீனி

யூடியூப் டுடோரியல் பார்ப்பதைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தில் பழைய இசையைக் கேளுங்கள். மும்பையில் ஸ்டூடியோ வாத்தியக்காரராக இருந்த சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓர் இசைத்தட்டாகப் போட்டார். ரோலண்டு கம்பெனியின் டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் சின்த், ஜூபிட்டர்-8 சின்தசைசர் இந்த மூன்றும்தான் கருவிகள். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்தபோது, ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகையாகப் பின்னாளில் பேர் வாங்கிய சத்தம் முன்னமே இங்கே ஒலித்திருக்கிறதே என்று உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபது வயதுக்கு மேல் அவர் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மூக் சின்தசைசர் ஸ்டூடியோ இருந்தது. தமிழ் சினிமாவில் இளையராஜா 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தார். லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ., ரோலண்டு எம்சி-505 என்ற ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுக்கட்ட ஆரம்பித்தவர். இரண்டாவது ஆல்பத்துக்கு இந்தியா வந்து உருமியைப் பதிவு செய்துகொண்டு போனார்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. 808 கடையில் விற்றது 1980 முதல் 1983 வரைதான். நிஜ டிரம் மாதிரி இல்லை என்று ஒதுக்கினார்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்த பிறகே காசில்லாத பிள்ளைகள் அதை எடுத்துப் புது இசை செய்தார்கள். கையில் இருப்பது மலிவான சாமான் என்று குறைப்பட ஒன்றுமில்லை.

முறையாகப் படிக்க விரும்பினால் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது. தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்குத் தனிப் பிரிவே உண்டு. படிக்காவிட்டால் வேலை கிடைக்காது என்பதெல்லாம் இல்லை. ஆனால் கார்டும் தாளக் கணக்கும் தெரியாமல் லூப்பை மட்டும் நம்பி ரொம்ப தூரம் போக முடியாது.

லூப்பை டிராக்காக்குவது

உங்களுக்குப் பிடித்த ஒரு டிராக்கை அப்படியே மென்பொருளில் திறந்திருக்கும் செஷனில் இழுத்துப் போடுங்கள். டெம்போவைப் பொருத்துங்கள். எந்த பாரில் கிக் வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே எல்லாம் ஒன்றாக விழுகிறது என்று மார்க்கர் வையுங்கள். பிறகு உங்கள் எட்டு பார் லூப்பைப் பன்னிரண்டு முறை நகலெடுத்து 96 பாருக்கு நீட்டுங்கள். 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 தட்டு) வேகத்தில் அது 3 நிமிடம் 6 நொடி. இப்போது எதையும் சேர்க்காதீர்கள், அழிக்க மட்டும் செய்யுங்கள். முதல் 16 பாரில் பேஸ் வேண்டாம், அழியுங்கள். நடுவில் எட்டு பாருக்குக் கிக்கைத் தூக்குங்கள். அரைமணி நேரத்தில் ஒரு டிராக்கின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். சேர்க்க வேண்டியதை அதற்கப்புறம் சேர்க்கலாம்.

முதல் பத்து டிராக் சுமாராகத்தான் வரும். அவற்றையும் முடித்துவிடுங்கள், மிக்ஸ் செய்து ஆடியோ ஃபைலாக பவுன்ஸ் எடுத்தால்தான் முடிந்த கணக்கு. மாஸ்டர் என்ற கடைசிக் கட்டத்தில் சத்தத்தை அமுக்கி அமுக்கி ஏற்றுகிறார்களே, அது பெரும்பாலும் வீண். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் ஏற்றியதை அது இறக்கிவிடும், நசுங்கிய டிரம் மட்டும் மிஞ்சும்.

உருமியும் தோடியும்

நம்மூர்த் தயாரிப்பாளருக்கு வெளியே மதிப்புத் தருவது நம்மிடம் இருக்கும் ஒலிதான். அதை ஆயத்தமாக விற்கும் சாம்பிள் பேக்கில் வாங்காமல் ஆளை வைத்துப் பதிவு செய்யுங்கள்.

உருமியை எடுத்துக்கொள்வோம். ஒரு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுமுகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மைக் வைத்து, ஒன்றின் ஃபேஸை (ஒலி அலையின் மேல்கீழை) திருப்பிப் போட்டுக் கேளுங்கள். எப்படிப் போட்டால் அடி கனமாக விழுகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். வாசிப்பவரின் காதில் டிக் டிக் என்று கிளிக்கைக் கொடுத்தால் வாசிப்பு இறுகிப்போகும். ஜால்ராவில் ஒரு சின்ன லூப் செய்து அதைக் கொடுங்கள், நிம்மதியாக வாசிப்பார். மிக்ஸில் வரும் சிக்கல் வேறு. தேய்ப்பில் எழும் அந்த முனகல் ஏறி இறங்கிச் சறுக்கும். 808-இன் நீண்ட கிக்கில் செய்யும் பேஸும் அதே மாதிரி சறுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் கூழ்தான். உருமி முனகும் இடத்தில் பேஸை நிறுத்திவிடுவதே நல்லது. ஈக்வலைசரில் மணிக்கணக்காகப் போராடினாலும் இதைவிடத் தெளிவு கிடைக்காது. வாசித்தவருக்கு அன்றே பணம் கொடுங்கள், பெயரை கிரெடிட்டில் போடுங்கள், பதிவை எங்கெங்கே பயன்படுத்துவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாட்டார் கலைஞர்களின் வாசிப்பை ஃபோனில் பிடித்துக்கொண்டு போய் லூப்பாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வழி வேண்டாம்.

சின்தசைசரில் கமகம் வராது என்பது சோம்பேறிகள் கிளப்பிவிட்டது. தோடி ராகத்தின் காந்தாரத்தைத் தட்டையாகப் பிடித்தால் தோடி இல்லை. அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடவேண்டும். சாதாரண காந்தாரத்திலிருந்து கீழே சுத்த ரிஷபம் 2 செமிடோன் (அரைச்சுர இடைவெளி), மேலே சுத்த மத்யமம் 2 செமிடோன். பெரும்பாலான சின்த்களில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீல் வாங்கும்போதே மேலும் கீழும் 2 செமிடோன் என்றுதான் அமைந்திருக்கும். அதாவது தோடிக்கு வேண்டிய அளவு ஏற்கெனவே கைக்கடியில் இருக்கிறது. முதலில் வாயால் பாடிப் பதிவு செய்யுங்கள், அந்த ஆட்டத்தைப் பார்த்து வீலை அசையுங்கள். சின்த்தை, ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் மோனோ மோடில் வைக்க மறக்க வேண்டாம்.

வேலை எந்த வாசல் வழியாக வருகிறது

நேராக இசையமைப்பாளர் ஆகிவிடுபவர்கள் அபூர்வம். ரஹ்மான் கீபோர்டு வாசித்தார், புரோகிராமிங் செய்தார், நிறைய ஜிங்கிள் போட்டார். ‘ரோஜா’ வந்தது 1992-இல்தான். 2012-இல் ‘அட்டகத்தி’யோடு வந்த சந்தோஷ் நாராயணன் அதற்கு முன் ரெக்கார்டிங் இன்ஜினியர். இன்றும் கோடம்பாக்கத்து வாசல் புரோகிராமர் வேலைதான். இசையமைப்பாளர் மெட்டை ஹம் செய்து அனுப்புவார். நீங்கள் பீட், பேஸ், பேட் (பின்னணியில் நீளும் ஒலி) எல்லாம் அடுக்கித் திருப்பி அனுப்புவீர்கள். ராத்திரி வேலை, சம்பளம் சீராக வராது. ஆனால் ஒரு படத்துக்கு இசை எப்படி நடக்கிறது என்பதை வேறெங்கும் இப்படிக் கற்க முடியாது. சேரும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கிரெடிட்டில் ‘புரோகிராமிங்’ என்று என் பெயர் வருமா? கேட்கக் கூச்சப்பட்டால் வராது.

விளம்பரம் இரண்டாவது வாசல். இங்கே கணக்குதான் கைகொடுக்கும். 128 பிபிஎம்மில் 30 நொடிக்கு 64 பீட், சரியாக 16 பார். 96 பிபிஎம்மில் 20 நொடிக்கு 32 பீட், சரியாக 8 பார். இசையைக் கடைசி நொடிவரை நிரப்பாதீர்கள். பிராண்டு பெயரைச் சொல்லும் குரலுக்கும் எதிரொலி அடங்குவதற்கும் கடைசி இரண்டு பாரை விடுங்கள். 30 நொடி கேட்டவர்கள் 20, 10 நொடி வெட்டும் கேட்பார்கள் என்பதை முதலிலேயே எதிர்பார்த்து, எட்டு பாரில் தானாக முடிகிற மாதிரி ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதைக் கொட்டேஷனில் எழுதுங்கள். பாதித் தொகை முன்பணம். ‘இந்த முறை பட்ஜெட் இல்லை, அடுத்த பிராஜெக்டில் பார்த்துக்கலாம் தம்பி’ என்ற வசனத்தைக் கேட்காதவர் இந்தத் தொழிலிலேயே இல்லை. அந்த அடுத்த பிராஜெக்டை இன்னொரு தம்பிக்குக் கொடுப்பார்கள்.

குறும்படம், வெப் சீரிஸ், சினிமா ஆர்.ஆர். (பின்னணி இசை) வேலை வந்தால் வீடியோவை வாங்கியவுடன் மூன்று விஷயங்களை உறுதிசெய்யுங்கள்: ஃபிரேம் ரேட் என்ன, எடிட் லாக் ஆகிவிட்டதா (இனி வெட்டு மாறாதா), திரையில் நேரத்தைக் காட்டும் டைம்கோடு ஓடுகிறதா. செஷனை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் திறவுங்கள். 44.1-இல் செய்துவிட்டுக் கடைசியில் மாற்றுவது வேண்டாத தலைவலி. ரீல்வாரியாக வேலை நடந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ‘3எம்7’ என்பது போலப் பெயர் வையுங்கள், மூன்றாவது ரீலில் ஏழாவது இசைத்துண்டு என்று அர்த்தம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் நியூ ஓகே’ என்று பெயர் வைப்பவர்களை மிக்ஸிங் இன்ஜினியர்கள் மன்னிப்பதில்லை. ஸ்டெம், அதாவது வகைவாரியாகப் பிரித்த ஆடியோ ஃபைல், கொடுக்கும்போது டிரம், பேஸ், சின்த், வாத்தியம், குரல் எல்லா ஃபைலும் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும், முதல் ஒரு நிமிடம் வெறும் மௌனமாக இருந்தாலும் சரி.

சொந்த டிராக்கை வெளியிட

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி விநியோகஸ்தர் வழியாகத்தான் ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் போக முடியும். சிலவற்றுக்கு ஆண்டுச் சந்தா, சிடி பேபியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருமுறைக் கட்டணமும் வருமானத்தில் பங்கும். ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணை, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீட்டை, அவர்களே தருவார்கள். அதைக் குறித்துவையுங்கள், விநியோகஸ்தரை மாற்றினாலும் எண் மாறக்கூடாது. வெளியாகும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாக ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்கு டிராக்கை முன்வைக்க ஒரு வாரமாவது முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வருமானம் பற்றிப் பகல்கனவு வேண்டாம். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத டிராக்குக்கு ஸ்பாட்டிஃபை அந்தப் பதிவுக்கான ராயல்டி தருவதில்லை. நேரடியாகக் காசு கொடுத்து வாங்கும் ரசிகர்கள் இருந்தால் பேண்ட்கேம்ப் நல்லது, டிஜிட்டல் விற்பனையில் அது எடுப்பது 15 சதவீதம். என்னைக் கேட்டால், வெளியீடு என்பது முதல் சில ஆண்டுகளுக்கு விசிட்டிங் கார்டு. வேலை கொடுப்பவர் ‘லிங்க் அனுப்புங்க’ என்பார், அப்போது அனுப்ப ஒன்று இருக்க வேண்டும்.

ஸ்ப்ளைஸ் மாதிரி ஆயத்த லூப் தரும் தளத்தில் எடுத்த லூப்பை முன்னால் வைத்து டிராக் செய்திருந்தால் மற்றவர் வீடியோவில் உங்கள் இசை ஓடினால் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்யாதீர்கள். அதே லூப்பை உலகம் முழுக்க ஆயிரம் பேர் வைத்திருப்பார்கள், யாரோ ஒருவருடைய வீடியோவில் உங்கள் கிளெய்ம் போய் விழும், புகார் உங்கள் மேல் வரும்.

காகித வேலை

யாரும் பேச விரும்பாத பகுதி. ஒரு டிராக்கில் இரண்டு உரிமை இருக்கிறது: மெட்டு என்ற படைப்பு ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. பதிவு லேபிளிடமோ தயாரிப்பாளரிடமோ போய்விடலாம். ஆனால் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கு இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் பெறவேண்டிய ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றித்தர முடியும். அந்தச் சங்கம் 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி). உறுப்பினராகி, வெளியாகும் ஒவ்வொரு படைப்பையும் பங்கு விகிதத்தோடு பதிவு செய்யுங்கள். நீங்கள் பதியாத பாட்டுக்குக் காசு உங்களைத் தேடி வராது.

கூட்டாகச் செய்யும் டிராக்கில் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை அது முடியும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘நமக்குள்ள என்ன மச்சி’ என்பது பாட்டு ஓடாதவரைதான். புரோகிராமர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்: சம்பளத்துக்கு பீட் அடுக்கியவர் சட்டப்படி இசையமைப்பாளர் ஆவதில்லை. அந்தப் பாட்டின் முக்கிய மெலடியே உங்களுடையது என்றால் ரெக்கார்டிங்குக்கு முன்பே பேசிவிடுங்கள், வெளியானபின் பேசினால் சண்டைதான்.

கம்பெனிகள் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) பிடித்துக்கொண்டு தருவது வழக்கம். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்தால் வரி போக மீதி திரும்பி வரும். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு. அந்தக் கவலை வரும் நாளில் ஆடிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடை

எல்லோருக்கும் இது தேவையில்லை. ஆசை இருந்தால், முப்பது நிமிடத்துக்குச் சொந்த டிராக் சேர்ந்த பிறகு போங்கள். யுஎஸ்பி டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்து, ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் டிராக்குகளை அலசி ஏற்றி, அதே மாதிரி இன்னொன்றையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தான் அல்சிசரில் பேர் வாங்கிய மேக்னெட்டிக் ஃபீல்ட்ஸ் மாதிரி இசை விழாக்களுக்கு ஆள் எடுப்பவர்கள் நேரலைப் பதிவைத்தான் கேட்பார்கள், ஆகவே சின்ன நிகழ்ச்சியாக இருந்தாலும் மிக்ஸரிலிருந்து ஒரு பதிவு எடுத்து வையுங்கள்.

முடிந்த பிறகு ஒரு வேலை

மூன்று வருடம் கழித்து ரீமிக்ஸ் வேண்டும், கன்னட ரீமேக்குக்கு ஸ்டெம் வேண்டும் என்று ஃபோன் வரும். அதற்குள் கம்ப்யூட்டர் மாறியிருக்கும், பாதி பிளக்-இன் திறக்காது. ஆகவே ஒவ்வொரு வேலையும் முடிந்தவுடன் எல்லா டிராக்கையும் ஆடியோவாக பவுன்ஸ் எடுத்து, மிடி ஃபைலையும் சேர்த்து, இரண்டு ஹார்டு டிஸ்கில் போடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். அம்மா வீடு, மாமியார் வீடு எதுவானாலும் சரி. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: பிபிஎம், சுருதி, பயன்படுத்திய பிளக்-இன்கள், வாசித்தவர்கள் பெயரும் ஃபோன் நம்பரும், பங்கு விகிதம், ஐஎஸ்ஆர்சி எண், பில் எண், பணம் வந்துவிட்டதா இல்லையா.